மின்னோட்டம் திரும்பும் வழி

நுழையும்முன்

வானூர்திகள் எல்லாம் தொழிற்சாலையில்தான் பிறக்கின்றன என்பதில்லை. அமெரிக்காவில் ஆர்வலர் பலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு வானூர்தி கட்டிப் பறக்கின்றனர். கட்டியவரே அதன் பழுதையும் கண்டறிபவர் ஆகிறார். அத்தகைய பழுது ஒன்றை ஆராய்கிறது இவ்வுரைநடை.

பர்ட் ரூட்டன் என்னும் அமெரிக்கர் வடிவமைத்த 'லாங்-ஈசி' வானூர்தி 1979இல் முதன்முதலாகப் பறந்தது. இருவர் அமரும் இவ்வூர்தியின் உடல் நுரைப்பொருளாலும் கண்ணாடியிழையாலும் ஆனது. எஞ்சின் பின்புறம் உள்ளது. எடையைச் சமன்செய்ய மின்கலத்தை மூக்குப் பகுதியில் வைப்போர் பலர். பறத்தலுக்கு உகந்த இவ்வேற்பாடு மின்சாரத்திற்கு உகந்ததன்று. உலோக உடலாயின், மோட்டார் வண்டியில் போலவே, மின்னோட்டம் அவ்வுடல் வழியாகவே மின்கலத்திற்குத் திரும்பிவிடும். கண்ணாடியிழையோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே போவதற்கு ஒன்றும் திரும்புவதற்கு ஒன்றுமாக இரு நீண்ட கம்பிகள் வேண்டும்.

ஓட்டுநர் பொத்தானை அழுத்துகிறார். எஞ்சின் இயங்கத் தொடங்குகிறது. அதே கணத்தில் கருவித்திரை அணைந்து, மீண்டும் முதலிலிருந்து விழித்தெழுகிறது. எஞ்சின்தான் ஓடுகிறதே, இதிலென்ன குறை என்று தோன்றலாம். ஓடத் தொடங்கிய 30 நொடிக்குள் எண்ணெய் அழுத்தம் உயராவிடில் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்பது லைகோமிங் எஞ்சின்களுக்கான அறிவுரை. அவ்வழுத்தத்தைக் காட்ட வேண்டிய திரை அந்நேரத்தில் இருண்டு கிடந்தால், எஞ்சின் உள்ளே தேய்ந்து கெடுவதை ஓட்டுநர் அறியமாட்டார்.

திரையின்மீது ஐயுற்று அதையே மாற்றிவிடுவது பலர் செய்யும் பிழை. சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுப்பதாகவும், போகவர 8 மீட்டர் நீளமுள்ள கம்பியின் மின்தடை 0.004 ஓம் எனவும் கொள்வோம். ஓம் விதிப்படி கம்பியிலேயே 0.8 வோல்ட் இழப்பாகிறது. அதன் பாதியாகிய 0.4 வோல்ட் திரும்பும் கம்பியில் விழுகிறது. துருவேறிய ஓர் இணைப்பு 0.01 ஓம் தடையைக் கூட்டினால், மின்னோட்டம் சற்றுக் குறைந்தாலும், ஏறத்தாழ 2 வோல்ட் அங்கே மறைந்துவிடும். கருவிகளின் எதிர்முனைக் கம்பியும் எஞ்சினருகே அதே பாதையில் இணைக்கப்பட்டிருந்தால், ஸ்டார்ட்டரின் இழப்பு கருவிகளின் இழப்பும் ஆகிறது.

எனவே முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். அதற்கும் முன்னதாக எரிபொருளை அடைத்து, தீப்பொறிச் செருகிகளின் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். மேக்னெட்டோ தனக்கான மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்வது. அதன் நிறுத்துகம்பி அறுந்திருந்தால், சாவி அணைந்த நிலையிலும் எஞ்சின் உயிர்பெறக்கூடும். உந்துவிசிறியின் அருகே ஒருவரும் நிற்றல் ஆகாது. இதில் சிறு அலட்சியமும் கூடாது. பின்னர் மல்டிமீட்டரின் ஒரு முனையை மின்கலத்தின் எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து, சில நொடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். மேற்கண்ட கணக்குப்படி 0.4 வோல்ட் அளவில் காட்டினால் பாதை நன்று. ஒரு வோல்ட்டைத் தாண்டினால், முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தி அளக்க வேண்டும். அளவு திடீரெனத் தாவும் இடமே பழுதுள்ள இடம்.

ஹெட்போனில் எழும் கரகரப்பு வேறு வகையினது. மோட்டாரின் கரித்துண்டுகள் உரசுமிடத்துச் சிறு மின்பொறிகளே அதற்குக் காரணமாகலாம். வானொலிக்கு மட்டும் தனி மின்கலம் கொடுத்துப் பார்த்தால், கரகரப்பு வரும் வழி ஓரளவு புலப்படும். அப்போது அது நின்றுவிட்டால் மின்வழங்கு கம்பி வழியாக வந்தது. நிற்காவிட்டால் காற்று வழியாகவோ பிற கம்பிகள் வழியாகவோ வருகிறது. பொத்தானை விடும் கணத்தில் மட்டும் 'டிக்' என்று கேட்குமாயின், ரிலேயின் கம்பிச்சுருளில் காந்தப்புலம் சரிவதால் எழும் உயர் மின்னழுத்தத்தை ஐயுறலாம். சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு இட்டால் அது அடங்கும்.

இணைப்புகளைத் தேய்த்துத் துலக்கி இறுக்கியபின், கருவிகளின் எதிர்முனைக் கம்பிகளை நேரே மின்கலத்திற்கே கொண்டுசெல்வர். அதன் பின்னரும் திரை அணைந்தால் மின்கலத்தின் அகத்தடையைப் பார்க்க வேண்டும். முதிர்ந்த மின்கலம் சுமை ஏறியவுடன் தானே தளர்ந்துவிடும். புதிய மின்கலம் இட்டும் போதாதபோது, கருவிகளுக்கெனச் சிறு துணை மின்கலம் ஒன்றைப் பொருத்துவர். ஸ்டார்ட்டர் சுழலும் சில நொடிகள் திரையை அது தாங்கிக்கொள்ளும். ஓட்டுநரும் எண்ணெய் அழுத்தம் உயர்வதைக் கண்ணால் காண்பார்.