வலிப்புக்கு ஆபரேஷன் செய்தால் பேச்சு போய்விடுமா?



வலிப்புக்கு மூளையில் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "புள்ளைக்குப் பேச்சு போயிருமா?" என்பதுதான். அந்தப் பயத்திலேயே வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் விவரம் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

யாருக்கு ஆபரேஷன்?

வலிப்பு உள்ள 3 பேரில் சுமார் 2 பேருக்கு மாத்திரையிலேயே கட்டுப்பட்டுவிடும். பொருத்தமான 2 மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், ஆபரேஷன் உதவுமா என்று பரிசோதிப்பார்கள். மூளையின் ஓர் இடத்திலிருந்து மட்டும் வலிப்பு கிளம்பினால், அந்த இடத்தை அகற்றலாம். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இந்த ஆபரேஷன் நடந்துவருகிறது.

பேச்சு எந்தப் பக்கம்?

பாரிஸ் டாக்டர் புரோக்கா 1861இல், பேச்சை இழந்து இறந்துபோன ஒருவரின் மூளையை ஆராய்ந்தார். இடது பக்கத்தின் முன்பகுதி கெட்டிருந்தது. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் பேச்சு வேலை இடது மூளையில்தான் நடக்கிறது. ஆனால் சின்ன வயதிலேயே இடது பக்கம் வலிப்பு வந்த சிலருக்கு, ஆபரேஷனுக்கு முன்பே பேச்சு வலது பக்கம் மாறியிருக்கும். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் வேறு மடை தேடிப் போவதில்லையா, அதுபோலத்தான்.

அதனால் டாக்டர்கள் முதலில் பேச்சு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஸ்கேன் மிஷினுக்குள் படுத்திருக்கும்போதே வார்த்தைகளை நினைக்கச் சொல்வார்கள். சில சமயம் ஒரு பக்க மூளையை மட்டும் சில நிமிஷம் மருந்து கொடுத்து மயக்கிப் பேசவைப்பார்கள். சிலருக்கு ஆபரேஷன் நடுவிலேயே விழிக்கவைத்து, படம் காட்டிப் பேர் கேட்பார்கள். மூளைக்கு வலி தெரியாது.

ஆபரேஷனுக்குப் பிறகு

இடது கன்னப்பொட்டுக்கு உட்புறம் ஆபரேஷன் செய்தவர்களில் சிலருக்குப் பேர் சட்டென்று வாயில் வராது. கரண்டியைப் பார்த்து, "அதான், குழம்பு ஊத்துறது" என்பார்கள். வீக்கத்தால் வந்த தடுமாற்றம் நாளாக நாளாகக் குறையும். பக்கத்துப் பகுதிகளும் மறுபக்க மூளையும் கொஞ்சம் வேலையை எடுத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு இது அதிகம் நடக்கும். பெரியவர்களுக்குக் குறைவு; சிலருக்குக் கொஞ்சம் குறை நிலைத்தும் விடலாம். இதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

லண்டன் சிறுவன்

இடது மூளையில் பிறவிக் கோளாறும் கடுமையான வலிப்பும் இருந்த ஒரு சிறுவன், எட்டரை வயது வரை பேசவே இல்லை. டாக்டர்கள் இடது மூளையின் மேற்பரப்பை அகற்றினார்கள். வலிப்பு நின்றது, டாக்டர்கள் மருந்தையும் நிறுத்தினார்கள். 9 வயதில் பேச ஆரம்பித்தான்! பிறகு தெளிவான வாக்கியங்களில் பேசினான். 1997இல் இதை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓயாத வலிப்பு மூளையைக் கற்கவிடாமல் தடுக்கிறது என்பதும், வலது பக்கமும் பேச்சைக் கற்கும் என்பதும் இதிலிருந்து புரிகிறது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

• வார்த்தை வராமல் திணறினால் கேலி செய்யக் கூடாது. அவசரப்படுத்தவும் கூடாது. சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.
• சமைக்கும்போது, களை எடுக்கும்போது பொருளைக் காட்டிப் பேர் கேட்டுப் பழக்குங்கள். கதை சொல்லச் சொல்லுங்கள்.
• பேச்சுப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.
• வலிப்பு நின்றுவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"பொம்பளப் புள்ள, வெளிய தெரிஞ்சா கல்யாணம் ஆகாது" என்று மறைத்து வைத்தால், மூளை பழகிக்கொள்ளும் சின்ன வயசு வீணாகிவிடும். சீக்கிரம் டாக்டரிடம் காட்டுவதுதான் அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் உதவி.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. மாத்திரை சாப்பிட்டும் வலிப்பு நிற்காதவர்கள் நம் ஊரில் இருக்கிறார்களா? அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யார் துணைக்குப் போகலாம்?
2. பேசத் திணறும் ஒருவரிடம் நாம் எப்படிப் பழகுகிறோம்?