குடற்புற்று ஐயமும் முதல் வைத்தியரின் பொறுப்பும்

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய் 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 9 இலட்சம் பேர் அதனால் மாண்டனர். இந்நோய் ஓரிரவில் முளைப்பதன்று. குடலின் உட்சவ்வில் சிறு தசைமுளையாகத் தோன்றி, பெரும்பாலும் பத்தாண்டளவு கழிந்த பின்னரே புற்றாக மாறுகிறது. தோன்றிய இடத்தை விட்டுப் பரவாத நிலையில் கண்டறியப்பட்டோருள், அமெரிக்கப் பதிவேடுகளின்படி, நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். கல்லீரல் முதலிய தொலையுறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ அவ்வெண்ணிக்கை பதினைந்தளவாகக் குறைந்துவிடுகிறது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகிய மூன்றிடத்துப் புற்றுகளை நாடுவதாகும். குடற்புற்று அதில் இடம்பெறவில்லை. ஆகவே, நோயாளி தாமே வந்து தம் உபாதையைக் கூறும்வரை இந்நோய் வெளிப்படுவதில்லை. அதனைக் கேட்கும் வைத்தியரே முதற் காவலராகிறார்.

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும், பாலக்காட்டின் சித்தூர், கொல்லங்கோடு, அட்டப்பாடிப் பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் பலர் வாழ்கின்றனர். தோட்டத்து ஆஸ்பத்திரி, குடும்ப நல மையம், கடைத்தெரு வைத்தியர் ஆகியோரையே இவர்கள் முதலில் அணுகுவர். இங்கு இரண்டு பிழைகள் நேர்வதற்கு இடமுண்டு. மலத்தில் இரத்தம் என்றவுடன் "மூலம்" எனத் தீர்மானித்தல் ஒன்று. உடல் வெளிறியிருப்பின் கொக்கிப்புழுவே காரணமெனக் கருதி, இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்தனுப்புதல் மற்றொன்று.

இப்பிழைகளுக்குக் காரணம் நோயின் இயல்பிலேயே உளது. குடலின் வலப்பகுதி அகன்றது. அங்குள்ள மலமும் நீர்த்திருக்கும். ஆதலின் அங்கு எழும் கட்டி அடைப்பை விரைவில் உண்டாக்காமல், கண்ணுக்குப் புலப்படாது இரத்தத்தைக் கசியவிட்டுச் சோகையாக வெளிப்படுகிறது. இடப்பகுதி குறுகியது, அங்கு மலங்கழியும் வழக்கம் மாறுகிறது. மலக்குடற் கட்டியோ செந்நிற இரத்தத்தைக் காட்டி, மூலத்தைப் போல நடிக்கிறது. மூலம் உள்ளவர்க்குப் புற்று வாராது என்ற விதியும் இல்லை.

எனவே வைத்தியர் செய்யத்தக்கவை யாவை? சில வாரங்களாக நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணமற்ற எடைக்குறைவு, குடும்பத்தில் இந்நோய் உண்டா என்பன குறித்து வினவுதல் வேண்டும். வயிற்றைத் தடவிப் பார்த்தலும், கையுறையிட்ட விரலால் மலக்குடலைச் சோதித்தலும் வேண்டும். இவ்விரற்சோதனைக்குப் பொருட்செலவு மிகக் குறைவு. நாணத்தாலோ நேரமின்மையாலோ இதனைத் தவிர்த்தல் தகாது. ஆடவர்க்கும், மாதவிடாய் நின்ற மகளிர்க்கும் இரும்புச் சோகை காணப்பட்டால், இரத்தம் எங்கே கசிகிறது என்பதை ஆராயாது விடலாகாது.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு முதல், குடற்புற்று ஐயமுள்ளோரைச் சிறப்பு மருத்துவர் இரு வாரங்களுக்குள் காணவேண்டுமென்னும் விதி இருந்தது. 2023 அக்டோபரில் அது நீக்கப்பட்டு, புற்று உண்டா இல்லையா என்பதை 28 நாட்களுக்குள் தெரிவிக்கும் விதி வந்தது. அங்கு மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தை அளக்கும் சோதனையும் வழக்கிலுள்ளது. ஒரு கிராம் மலத்தில் 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஹீமோகுளோபின் இருப்பின், நோயாளி விரைந்து அனுப்பப்படுவார். மலக்குடலில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டாலோ, அச்சோதனைக்கும் காத்திராது அனுப்புதல் முறையாகும்.

நம் மலைப்பகுதியில் அத்தகைய காலவரையறை இல்லாவிடினும், நல்லதொரு கடிதம் அக்குறையை ஓரளவு நிரப்பும். "வயிற்றுக் கோளாறு, பார்க்கவும்" என்று எழுதியனுப்புவதால் பயனில்லை. குறிகள் தோன்றிய நாள், விரற்சோதனையின் முடிவு, ஹீமோகுளோபின் அளவு, ஐயுறும் நோய், "அவசரம்" என்னும் சொல், வேண்டப்படும் கொலனாஸ்கோப்பிச் சோதனை ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். குமுளியிலும் மூணாற்றிலும் உள்ளோர் கோட்டயத்துக்கோ தேனிக்கோ செல்லக்கூடும். அட்டப்பாடி, சித்தூர் மக்களுக்குக் கோயம்புத்தூர் அண்மையது. எல்லை கடந்து செல்வோரின் கடிதம் இரு மாநில மருத்துவர்க்கும் விளங்கும் மொழியில் அமைதல் நன்று. காப்பீடு அங்குச் செல்லுமா என்பதையும் முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

அனுப்பப்படுவோர் அனைவர்க்கும் புற்று இருப்பதில்லை. பெரும்பாலோர்க்கு இல்லையென்றே முடிவு வரும். அதனை வீண் அலைச்சலென எண்ணற்க. நோயாளியிடம் ஐயத்தை மறைக்காது கூறி, செல்லும் நாளைக் குறித்துக் கொடுத்து, சென்றாரா என மீண்டும் வினவியறிந்த பின்னரே முதல் வைத்தியரின் கடமை நிறைவெய்தும்.