சீட்டுப் பணம் 30,000: பேஸ் கிட்டாருக்கு எவ்வளவு?

கேள்வி:

எனக்கு 26 வயது. பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். சர்ச் பாடகர் குழுவில் ஏழு வருடமாக பேஸ் குரல் பாடுகிறேன். இளையராஜா பாட்டுகளில் அடியில் ஓடும் பேஸ் கிட்டாரைக் கேட்டுக் கேட்டு, அதை எப்படியாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. எங்கள் சர்ச்சில் டிரம்ஸ், கீபோர்டு, ஒரு ஆம்ப் எல்லாம் இருக்கின்றன. பேஸ் வாசிக்கத்தான் ஆள் இல்லை. “நீ கற்றுக்கொண்டால் அந்த இடம் உனக்குத்தான்” என்கிறார் குழுத் தலைவர்.

சீட்டு எடுத்த பணம் 30,000 ரூபாய் கையில் இருக்கிறது. சம்பளத்தில் மாதம் 2,000 ஒதுக்கலாம். ஆன்லைனில் 28,000-க்கு ஒரு ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் பார்த்து வைத்திருக்கிறேன். கச்சேரிக் குழுவில் வாசிக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் தன்னுடைய பழைய நாலு ஸ்ட்ரிங் பேஸை 12,000-க்குத் தருவதாகச் சொல்கிறார். இங்கே கற்றுத்தருபவர் வகுப்புக்கு 500 கேட்கிறார். யூடியூப் இருக்கும்போது வகுப்பு தேவையா? ஆம்ப் வாங்க வேண்டுமா? எதற்கு எவ்வளவு ஒதுக்குவது? “மூணு மாசத்துல பரண்ல ஏறிடும்” என்று அம்மா வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்:

தம்பி, அம்மா சொல்வதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் கணிப்பு பெரும்பாலும் பலிக்கும். என் முதல் பேஸ் அப்படித்தான் பரணுக்குப் போனது. கையிலிருந்த பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிட்டேன். கடையில் பெட்டியைப் பிரித்து அப்படியே கையில் கொடுத்தார்கள். ஸ்ட்ரிங்குகள் ஃபிரெட்டுக்கு மேலே துணி காயப்போடும் கொடி மாதிரி உயர்ந்து நின்றன. அழுத்தி அழுத்தி விரல் நுனி புண்ணானது. எனக்குக் கை வராது என்று முடிவுகட்டி உறையில் போட்டு மூடினேன். மூன்று மாதம் கழித்து ஒரு நண்பர் எடுத்துப் பார்த்து, அரை மணி நேரம் அலன் கீயும் ஸ்குரூ டிரைவருமாக உட்கார்ந்து ‘செட்டப்’ செய்துகொடுத்தார். அதே கிட்டார் அன்று மாலையே வாசிக்க வந்தது.

ஆகவே உங்களிடமிருக்கும் 30,000-ல் கிட்டாருக்குப் பாதிக்கு மேல் தொடாதீர்கள். அந்த 28,000 ரூபாய்ப் பேஸை வாங்கினால் மிஞ்சுவது 2,000. அது வீட்டுக்கு வரும், ஆனால் சத்தம் வராது. பேஸ் கிட்டார் மின்சாரம் இல்லாமல் கொசு மாதிரிதான் முனகும். ஐந்தாவது ஸ்ட்ரிங் வேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. மேடையில் நாம் பார்ப்பவர்கள் பலர் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். உங்கள் கீபோர்டுக்காரர் ஈ ஃபிளாட்டில் பாட்டை எடுத்தால், அந்தக் கீழ்ச் சுரம் நாலு ஸ்ட்ரிங்கில் கிடையாது என்பதும் உண்மைதான். ஏ ஸ்ட்ரிங்கின் ஆறாவது ஃபிரெட்டில், ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் போயிற்று. சபையில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேஸில் புதிதாக வருபவருக்குச் சுரத்தைப் பிடிப்பதைவிட, வாசிக்காத ஸ்ட்ரிங்குகள் சும்மா அதிராமல் அமர்த்துவதுதான் பெரும்பாடு. அந்தப் பாட்டை ஐந்தாக ஏன் கூட்டிக்கொள்ள வேண்டும்?

மலிவான பேஸ் என்று தயங்கவும் வேண்டாம். ஹாம்பர்க்கில் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் பேஸ் வாங்கப் போனபோது ஃபெண்டர் விலை கட்டுப்படியாகவில்லை. சுமார் 30 பவுண்டுக்கு வயலின் வடிவத்திலிருந்த ஹாஃப்னரை வாங்கினார். மலிவுக்கு வாங்கியதுதான், பிறகு அவர் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1972-ல் அது திருடுபோய், அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பக் கிடைத்த செய்தி 2024-ல் வந்ததே, படித்திருப்பீர்கள்.

எனவே அந்த அண்ணனின் பழைய பேஸைப் போய்ப் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. தலைப்பக்கத்திலிருந்து நெக்கின் நீளத்துக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோக்குங்கள். தச்சர் பலகையைப் பார்ப்பாரே, அது மாதிரி. லேசாக உள்வாங்கியிருந்தால் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று அவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பி ஏதாவது உடைந்தால் வம்பு. ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி வாசியுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஓரிடத்தில் மட்டும் ‘ஜ்ஜ்’ என்று இரைந்தாலோ, சுரம் செத்து விழுந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பில் மாட்டி வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரத்தால் அது தூசி, சின்ன வேலை. பேட்டரி போடும் மாடலாக இருந்தால் அந்த மூடியைத் திறந்து, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, தோளில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் நில்லுங்கள். பேஸின் எடை தோளுக்குத் தெரிய அவ்வளவு நேரமாகும். ஞாயிறு ஆராதனை அதைவிட நீளம்.

எல்லாம் சரி என்றால் 11,500-க்கு முடிப்பார் என்று வைத்துக்கொள்வோம். செட்டப்புக்கு 1,500 ஒதுக்குங்கள். ஸ்ட்ரிங்குகளை 12-வது ஃபிரெட்டில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்து, சுருதி மேலும் கீழும் ஒத்துவரும்படி செய்து தருவார்கள். இந்தச் செலவைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள், கிட்டார் பரணேறுவதும் இதனால்தான். புது ஸ்ட்ரிங் செட்டுக்கு 2,000. ஒரே ஒரு முறை போதும். பேஸ் ஸ்ட்ரிங்குகள் சாதாரண கிட்டார் ஸ்ட்ரிங்குகள் மாதிரி மாதாமாதம் மாற்ற வேண்டியவை அல்ல. அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார் என்பார்கள். அழுக்கேறிச் சத்தம் மங்கினால் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து மாட்டுவது பழைய பேஸ்காரர்களின் வழக்கம். அம்மாவின் பால் சட்டியில் மட்டும் வேண்டாம்.

ஆம்ப் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பெரிய மிச்சம் அதில்தான் இருக்கிறது: சர்ச்சில் ஒன்று சும்மா நிற்கிறது. ஆனால் அது பேஸ் ஆம்பா, கிட்டார் ஆம்பா என்று பாருங்கள். கிட்டார் ஆம்பில் பேஸை மாட்டி மெதுவாக வாசிக்கலாம், சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். அப்படியானால் ஆம்பை விட்டுவிட்டு, ‘டி.ஐ. பாக்ஸ்’ என்ற சிறு பெட்டி வழியாக மிக்ஸருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அது சபையின் செலவு, உங்களுடையது அல்ல.

வீட்டுப் பயிற்சிக்கு, கிட்டாரில் நேராகச் செருகும் தீப்பெட்டி அளவு ஹெட்போன் ஆம்ப் ஒன்றுக்கு 4,000, கம்பி வைத்த ஹெட்போனுக்கு 1,500. புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. விரல் பட்டுச் சற்றுக் கழித்துத்தான் காதில் விழும், தாளமே கெட்டுப்போகும். கம்பி வைத்த ஹெட்போனுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பேஸின் கீழ் ஈ ஸ்ட்ரிங் அதிர்வது நொடிக்கு 41 முறை. செல்போன் ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்கவே முடியாது. இளையராஜா குழுவில் சசிதரன் வாசித்ததையும், ரகுமான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் போனிலேயே கேட்டிருந்தீர்களானால் பாதியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

கேபிள் 500, அகலமான ஸ்ட்ராப் 500, மெத்தை வைத்த பை 1,000. சுருதி சேர்க்கப் போனில் இலவசச் செயலி இருக்கிறது. கூட்டினால் 22,500 வரும். மீதி 7,500-ஐத் தொடாதீர்கள். பெடல், எஃபெக்ட் என்று கைகள் ஊரும், ஊரட்டும்.

இனி வகுப்பு. யூடியூபில் பேஸ் கற்றுத்தரும் நல்லவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் இடது மணிக்கட்டு தப்பாக மடிந்திருப்பதை வீடியோ பார்க்காது. நாலாவது தட்டில் நீங்கள் முந்துவதும் அதற்குக் கேட்காது. பேஸில் இந்த இரண்டும் ஆரம்பத்தில் படிந்துவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம். முதல் நாலு மாதம் வாரம் ஒரு வகுப்பு போங்கள். மாதம் 2,000, நீங்கள் ஒதுக்கியது சரியாக இருக்கிறது. பிறகு மாதம் இரண்டு வகுப்பு போதும். வருடத்துக்கு வகுப்புச் செலவு 16,000. பொருளும் வகுப்புமாக முதல் வருடம் 38,500, அதில் கிட்டாரின் பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. கணக்குப் பார்ப்பவர் நீங்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டார் வாங்குவதற்கு முன்பே அந்த ஆசிரியரிடம் ஒரு வகுப்புக்குப் போய்வாருங்கள். அவர் பேஸ் வாசிப்பவரா, கிட்டார் வாசித்துக்கொண்டு பேஸும் சொல்லித்தருபவரா என்பதைக் கேளுங்கள். இரண்டாமவர் தள்ளத்தக்கவர் அல்ல, ஆனால் விரலால் மாறி மாறி மீட்டுவதையும் ஸ்ட்ரிங்கை அமர்த்துவதையும் முதல் நாளே பேசுகிறாரா என்று கவனியுங்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் ராக் அண்ட் பாப் தேர்வுகளில் பேஸுக்கும் கிரேடு உண்டு. அதன் கட்டணத்தை இந்த வருடக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

உங்கள் கணக்கில் நீங்கள் வரவு வைக்காத ஒன்று இருக்கிறது. ஏழு வருடமாக பேஸ் குரல் பாடுகிறீர்கள். பாமாலைப் பாட்டுகளின் நாலு குரலில் அடிக்குரல் எங்கே நிற்கும், எங்கே நகரும் என்று உங்கள் காதுக்குத் தெரியும். மற்றவர்கள் இதற்காகவே ஒரு வருடம் காசு கொடுத்து உட்காருகிறார்கள். நீங்கள் பாடும் அதே டோ, ரே, மியை ஃபிரெட்டில் தேடுங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டு, மெட்ரனோமை மெதுவாக ஓடவிட்டு. இளையராஜா பாட்டுகளை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். அவற்றில் பேஸ் ஓரிடத்தில் நில்லாது, புதுக் கைக்குப் பிடிபடாது. பாமாலை நிதானமாகக் காத்திருக்கும்.

தெரிந்தவரிடம் பேரம் பேசக் கூச்சப்படுவீர்கள் என்று நினைக்கிறேன். 500 குறைக்கச் சொல்ல மனசில்லை என்றால், ஸ்ட்ராப்பையும் பையையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், 1,500 மிச்சம். கேபிளைக் கேட்காதீர்கள். கச்சேரி மேடையில் பத்து வருடம் மிதிபட்ட கேபிள், சரியாக உங்கள் முதல் ஞாயிறு அன்று பார்த்துக் காலை வாரும்.