சரக்கு வண்டியில் கூடுதல் இடம்: மின்சார வாகனங்களின் சுமைக் கணக்கு

தொழிற்சாலையிலிருந்து புறப்படும் பண்டம் ரயிலிலும் பெரிய லாரிகளிலும் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து நகரத்துக் கிடங்கை அடைகிறது. அங்கிருந்து கடைக்கும் வீட்டுக்கும் அதனைக் கொண்டு சேர்க்கும் கடைசிச் சில கிலோமீட்டர்கள், தூரத்தில் சிறியவையாயினும் செலவில் சிறியவை அல்ல. ஒவ்வொரு சிப்பமும் தனித்தனியே இறக்கப்படுவதாலும், நெரிசலில் நேரம் கழிவதாலும், ஒரு கிலோ சரக்குக்கு ஆகும் செலவு இங்கேதான் உயர்கிறது.

இப்பணியில் இன்று மின்சாரச் சிறு சரக்கு வண்டிகள் இறங்கியுள்ளன. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு, மின்கலத்தால் இயங்கும் போக்குவரத்து வாகனங்களுக்கு பெர்மிட் பெறும் தேவையிலிருந்து விலக்கு அளித்தது. 2005இல் டீசல் வண்டியாக அறிமுகமான டாட்டா ஏஸ், 2022இல் மின்சார வடிவிலும் வெளியிடப்பட்டது. இத்தகைய வண்டியைத் தவணையில் வாங்கும் சிறு உரிமையாளரின் மனத்தில் எழும் முதல் கேள்வி, ஒரு நடையில் இன்னும் சிறிது சரக்கு ஏற்ற இயலாதா என்பதே. ஓட்டுநர் அறையின் மேல் இரும்புச் சட்டம் பொருத்துதல், பக்கப் பலகைகளை உயர்த்துதல், பின்புறத்தை நீட்டுதல் முதலிய முயற்சிகள் இக்கேள்வியிலிருந்தே பிறக்கின்றன. அவை உண்மையில் ஆதாயம் தருமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடம் வேறு, கொள்திறன் வேறு

ஒரு சரக்கு வண்டிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று கன அளவு, மற்றொன்று எடை. எது முதலில் நிரம்புகிறதோ அதுவே அந்த நடையின் உண்மையான எல்லையாகும். 2022இல் வெளிவந்த மின்சார ஏஸ் வண்டியின் பெட்டி 208 கன அடி கொண்டது. அதாவது ஏறத்தாழ 5.9 கன மீட்டர். அது ஏற்றத்தக்க சுமை 600 கிலோகிராம். 600ஐ 5.9ஆல் வகுத்தால், கன மீட்டருக்குச் சுமார் 102 கிலோ என்ற எண் கிடைக்கிறது. இதனை அவ்வண்டியின் சமநிலை அடர்த்தி எனலாம். சரக்கின் அடர்த்தி இதற்குச் சமமாயின் இடமும் எடையும் ஒருங்கே நிரம்பும். அடர்த்தி மிகுந்தால் எடை முதலில் நிரம்பும்; குறைந்தால் இடம் முதலில் நிரம்பும்.

குடிநீர் கேன்களை எடுத்துக்கொள்வோம். 20 லிட்டர் கேன்கள் 30 ஏற்றினால் நீரின் எடை மட்டுமே 600 கிலோ ஆகிவிடும். அந்நீர் அடைக்கும் இடமோ 0.6 கன மீட்டர். பெட்டியில் பத்தில் ஒரு பங்கு. அரிசியும் இவ்வகையினதே; அதன் அடர்த்தி மேற்கண்ட எண்ணைப்போல் ஏழு மடங்குக்கும் மேல். 25 கிலோ மூட்டைகள் 24 ஏறியவுடன் எடை எல்லை வந்துவிடுகிறது. பெட்டியின் பெரும்பகுதி காலியாகவே நிற்கும். நீரும் அரிசியும் சுமப்பவருக்குக் கூடுதல் இடத்தால் பயன் ஏதுமில்லை. காலி இடம் கண்ணில் படுவதால் மேலும் ஏற்றலாம் என்ற மயக்கம் மட்டுமே உண்டாகிறது.

இதற்கு மாறானவை வறுவல் பொட்டலங்கள், ரொட்டி, பஞ்சு மெத்தை, பிளாஸ்டிக் குடங்கள் போன்றவை. இவற்றில் இடம் முதலில் நிரம்பி, எடை எல்லை எட்டப்படாமல் நிற்கிறது. கூடுதல் இடம் பயன் தருவது இவ்வகைச் சரக்குக்கு மட்டுமே. சரக்குக் கட்டண முறையும் இவ்வேறுபாட்டை அறிந்துள்ளது. விமானச் சரக்கில் 6,000 கன சென்டிமீட்டர் இடத்தை ஒரு கிலோவாகக் கணக்கிட்டு, உண்மை எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் மிகுந்ததற்குக் கட்டணம் பெறும் வழக்கம் உள்ளது.

மின்கலத்தின் கணக்கு

டீசல் வண்டியில் சுமை கூடினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஆயினும் வழியில் சில நிமிடங்களில் அதனை நிரப்பிக்கொள்ளலாம். மின்சார வண்டியில் சுமையின் விலை தூரத்தில் வெளிப்படுகிறது. மேற்கூறிய வண்டியின் மின்கலத் தொகுதி 21.3 யூனிட் கொள்ளளவு உடையது. சான்றளிக்கப்பட்ட தூரம் ஒரு மின்னேற்றத்துக்கு 154 கிலோமீட்டர். அன்றாடப் பயன்பாட்டில் வெயில், நெரிசல், ஓட்டும் முறை ஆகியவற்றால் இது குறையும். அதிகச் சுமையால் கிலோமீட்டருக்கு ஆகும் மின் செலவு பத்தில் ஒரு பங்கு கூடுவதாகக் கொண்டால், சான்றளித்த தூரமே 140 கிலோமீட்டராகச் சுருங்கும்.

சக்கரங்களின் உருளல் தடை எடைக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது. ஒவ்வொரு முறையும் நின்று புறப்படும்போது முழு எடையையும் மீண்டும் வேகப்படுத்த வேண்டியுள்ளது. பிரேக் பிடிக்கும்போது அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டார் மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது எனினும் முழுவதும் திரும்புவதில்லை. கூடுதல் இடத்துக்காகப் பொருத்தப்படும் சட்டத்தின் எடையும் இங்கே நினைக்கத்தக்கது. அது 60 கிலோ எனில், அனுமதித்த 600 கிலோவில் பத்தில் ஒரு பங்கை அதுவே உண்டுவிடுகிறது. வண்டி காலியாகத் திரும்பும்போதும் அச்சுமை உடன் வருகிறது.

பாதுகாப்பு

மின்சார வண்டிகளில் கனமான மின்கலத் தொகுதி பெரும்பாலும் தளத்தின் அடியில் அமைகிறது. இதனால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, வண்டி நிலையாக நிற்கிறது. கூரைமேல் சுமை ஏற்றினால் இந்த நன்மை கைநழுவுகிறது. பின் அச்சுக்கு அப்பால் சுமை நீண்டால் முன் சக்கரங்களின் மேல் விழும் எடை குறைந்து, திருப்பும் பிடிமானம் தளர்கிறது. ஒற்றை முன் சக்கரம் கொண்ட மூன்று சக்கர வண்டிகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தளத்தில் துளையிட்டுச் சட்டம் பொருத்துவதும் தகாது; அடியில் உயர் அழுத்த மின் கம்பிகளும் மின்கல உறையும் இருக்கக்கூடும்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் வண்ணம் உரிமையாளர் வாகனத்தை மாற்றியமைக்கலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவின் கண்டிப்பை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என விதித்தது. அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதமாகும். எடை எல்லைக்குள் இருந்தாலும், சரக்கு வண்டியின் உடலுக்கு வெளியே பக்கவாட்டிலோ முன்பின்னோ நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது அனுமதித்த உயரத்தை மீறினால், அதற்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு.

மற்றொரு நடை

கூடுதல் இடத்துக்கு மாற்று, கூடுதல் நடையாகும். நாளொன்றுக்கு 900 கிலோ சரக்கு கொண்டு செல்ல வேண்டிய ஓர் உரிமையாளரைக் கற்பனை செய்வோம். ஒரே நடையில் ஏற்றினால் அனுமதித்த சுமையைப்போல் ஒன்றரை மடங்கு. 450 கிலோ வீதம் இரண்டு நடைகளாக, நடைக்கு 40 கிலோமீட்டர் என வைத்தால், மொத்தம் 80 கிலோமீட்டர். ஒரே மின்னேற்றத்தில் முடியக்கூடியது. இரண்டாம் நடைக்கு, மின்னேற்ற இழப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 6 யூனிட் ஆகும். யூனிட் 10 ரூபாய் எனக் கொண்டால் செலவு 60 ரூபாய். அதிகச் சுமைக்கான ஒரே ஒரு அபராதத் தொகை, இத்தகைய 300க்கும் மேற்பட்ட நடைகளின் மின்சாரச் செலவுக்குச் சமம்.

மின்சாரத்தைவிட ஓட்டுநரின் நேரமே விலை மிகுந்தது என்ற மறுப்பு நியாயமானது. நகர நிர்வாகம் துணைபுரியக்கூடிய இடம் இதுவே. நெரிசல் நேரங்களில் குறிப்பிட்ட சாலைகளில் சரக்கு வண்டிகளுக்கு இருந்த தடையிலிருந்து, 2021இல் டில்லி அரசு மின்சார இலகு சரக்கு வண்டிகளுக்கு விலக்கு அளித்தது. இயங்கும் நேரம் நீளும்போது இரண்டாம் நடை சாத்தியமாகிறது. அதிகச் சுமை ஏற்றும் தூண்டுதலும் தளர்கிறது.

செய்யத்தக்கவை

வாங்குவதற்கு முன்னரே சரக்கின் அடர்த்தியை அறிந்து, அதற்கேற்ற உடலமைப்பைத் தேர்வது முதற்கடமை. கனச் சரக்கு எனில் எடைத் திறன் மிகுந்த வண்டியையே வாங்க வேண்டும். 2024இல் வெளிவந்த ஏஸ் வகை மின்சார வண்டி ஒன்று 1,000 கிலோ சுமக்கும் வண்ணம் வடிவமைக்கப்பட்டது. சுமைத் திறன் வடிவமைப்பில் பிறப்பதேயன்றிப் பட்டறையில் ஒட்டப்படுவதன்று என்பதற்கு இதுவே சான்று.

இலேசான சரக்கு எனில், பெட்டிக்குள் கழற்றத்தக்க தட்டுகள் வைக்கலாம். அடியிலுள்ளவை நசுங்காமல் கூரைவரை அடுக்க அவை உதவும். அவற்றின் எடையைச் சுமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கனமானவற்றைக் கீழேயும் அச்சுகளுக்கு இடையிலும் வைத்தல், கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்றுதல், ஒரே அளவுள்ள கூடைகளைப் பயன்படுத்துதல் ஆகியவை செலவின்றி இடத்தை மிச்சப்படுத்தும். உடலமைப்பையே மாற்ற நேர்ந்தால், உற்பத்தியாளர் அங்கீகரித்த வடிவில், பதிவு அதிகாரியின் முன் அனுமதியுடன் மட்டுமே செய்தல் வேண்டும்.

மாணவர்கள் தம் ஊரில் ஓடும் ஒரு சரக்கு வண்டியின் பெட்டி அளவையும் அனுமதித்த சுமையையும் கேட்டறிந்து, அதன் சமநிலை அடர்த்தியைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். தணிக்கை செய்யும் அலுவலருக்கும் இவ்வெண் பயன்படும்; பெட்டியில் பாதி இடம் காலியாக உள்ள வண்டியும் அதிகச் சுமை ஏற்றியிருக்கக்கூடும் என்பதை அது நினைவூட்டும். தவணை முடியும்வரை வண்டியும் மின்கலமும் உழைத்தால்தான் சிறு உரிமையாளரின் முதலீடு கைக்குத் திரும்பும். ஒரு நடையில் மிகையாக ஏற்றிய சில மூட்டைகளின் கூலிக்காக அம்முதலீட்டைப் பணயம் வைப்பது, எக்கணக்கிலும் ஆதாயமாகாது.