பழைய லாரிக்கு இன்ஜின் வேலையா, புது லாரிக்கு டியூவா?

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஒற்றை லாரி வைத்துக்கொண்டு தானே ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு, வண்டி பத்து வருடத்தை நெருங்கும்போது ஒரு கேள்வி வந்தே தீரும். இன்ஜின், பாடி எல்லாம் வேலை பார்த்து இதையே ஓட்டுவதா, கொடுத்துவிட்டுப் புதிது எடுப்பதா? பட்டறைக்காரர் ஒன்று சொல்வார், ஷோரூம்காரர் இன்னொன்று சொல்வார். ஃபைனான்ஸ்காரர் இரண்டுக்குமே கடன் தருவார். யார் பேச்சையும் கேட்பதற்கு முன் உங்கள் லோடையும் ஆர்.சி.யையும் எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள். வண்டியின் வயதைவிட, போடும் பணம் திரும்பி வர எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

1. லோடு என்ன கேட்கிறது?

ராசிபுரம், ஆத்தூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு இழுக்கும் வண்டி ஒரு நடைக்கு அதிக தூரம் ஓடுவதில்லை. சீசன் முடிந்தால் நிற்கும். கொல்லிமலையிலிருந்து இறக்குவதென்றால் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே நீள வண்டிக்கு வேலையே இல்லை, குட்டையான ஆறு சக்கரம்தான் திரும்பும். இப்படிப்பட்ட ஓட்டத்துக்குப் பழைய வண்டி போதும். டியூ இல்லாததே அதன் லாபம்.

கேரளாவுக்கு முட்டை ஏற்றுகிறீர்கள் என்றால் கதை வேறு. இரவு புறப்பட்ட லோடு சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் இரண்டு முறை நின்ற வண்டிக்கு மூன்றாவது முறை புக்கிங் கிடைக்காது. எல்.பி.ஜி. டேங்கர் ஓட்டுபவருக்கு முடிவே அவர் கையில் இல்லை. வண்டி எப்படி இருக்க வேண்டும் என்பதை எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தம் சொல்லும். 2025 மார்ச்சில் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்துத்தான். அந்தத் தொழிலில் இருந்தால், அடுத்த டெண்டரின் விதியைப் படிக்காமல் பழைய வண்டியில் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

2. பெர்மிட்டில் எத்தனை வருடம் மிச்சம்?

நேஷனல் பெர்மிட் இரண்டு அச்சு வண்டிக்கு 12 வயது வரைதான். அதற்கு மேல் அச்சு உள்ள டாரஸ் போன்ற வண்டிகளுக்கு 15. அதன் பிறகு தமிழ்நாட்டுக்குள் ஓட்டலாம், ஆந்திரா லோடை மறந்துவிட வேண்டும். எஃப்.சி.யும் எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு ஒவ்வொரு வருடமும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். வட இந்தியா போகிறவர் புகை விதியையும் பார்க்க வேண்டும். வெளிமாநிலப் பதிவு கொண்ட பி.எஸ்.3, அதற்கும் பழைய சரக்கு வண்டிகளுக்கு 2025 நவம்பர் முதல் டெல்லிக்குள் இடமில்லை.

இப்போது கணக்கு எளிது. இன்ஜின், கேபின், பாடி, டயர் எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். பெர்மிட் ஐந்து வருடம் மிச்சமிருந்தால் மாதம் 10,000 ரூபாய். இரண்டு வருடமே மிச்சமென்றால் மாதம் 25,000. அதே வேலை, அதே பட்டறை, செலவு மட்டும் இரண்டரை மடங்கு.

3. சேஸைச் சுரண்டிப் பாருங்கள்

இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். சேஸ் போனால் வண்டி போயிற்று. பின்பக்கப் பட்டை தாங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றித்தான் முதலில் வெடிக்கும். பெயின்டுக்கு மேல் டார்ச் அடித்துப் பயனில்லை. கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, வெல்டிங் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை வெல்டிங் வைத்த தடம் தெரிந்தால் பாடி வேலைக்குப் பணம் போடாதீர்கள்.

அடுத்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் மெக்கானிக் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார். பிஸ்டன், லைனர் வேலை நிச்சயம். சேஸ் நன்றாக இருந்து இது மட்டும் பழுதென்றால் தாராளமாகச் செய்யலாம்.

பாடி வகையையே மாற்றுகிறீர்களா? திறந்த பாடியை கன்டெய்னராக்குவது போன்ற மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். இதையெல்லாம் பட்டறையில் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

4. டீசல் மிச்சம் டியூ கட்டுமா?

“புது வண்டி மைலேஜிலேயே டியூ கட்டிடும்” என்பது ஷோரூமில் தவறாமல் கேட்கும் வசனம். சரிபார்ப்போம். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓட்டம். பழைய வண்டி லிட்டருக்கு 3.5, புதிது 4 தருகிறது. பழையதற்கு 2,286 லிட்டர், புதியதற்கு 2,000. லிட்டர் 92 ரூபாய் என்றால் மாத மிச்சம் சுமார் 26,000.

புது வண்டிக்கு 35 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் டியூ மாதம் 74,000-க்கு மேல். மீதி 48,000 எங்கிருந்து வரும்? அதிக நடை, அதிக எடை, பட்டறையில் நிற்காத நாள் இந்த மூன்றிலிருந்துதான். மாதம் 4,000 கிலோமீட்டரே ஓடும் வண்டிக்கு டீசல் மிச்சமும் பாதியாகிவிடும். அந்த ஓட்டத்துக்குப் புது வண்டி சுமைதான்.

எடையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. ஆறு சக்கர வண்டியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. உங்கள் ஆர்.சி.யில் எது இருக்கிறது என்று பாருங்கள். சிமென்ட், இரும்பு போல டன் கணக்கில் வாடகை வாங்குபவருக்கு ஒவ்வொரு நடையிலும் அந்த வித்தியாசம் காசாகும். பஞ்சு, காலி டிரம் போல இடத்தை அடைக்கும் லோடுக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

விலைப் பக்கத்தில் இரண்டு சாதகம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. பழைய வண்டியை அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால், புது வண்டியின் சாலை வரியில் சலுகை கிடைக்க வழியுண்டு. ஆனால் ஓடும் நிலையில் விற்றால் என்ன விலை போகும் என்று கேட்டுவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

5. புது வண்டி புது வேலையும் கேட்கும்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பி.எஸ்.6. டீசலோடு டி.இ.எஃப். திரவமும் ஊற்ற வேண்டும். சென்சார் பிரச்சினை வந்தால் ஸ்பேனர் உதவாது, ஸ்கேனர் வேண்டும். இத்தனை வருடம் வண்டியின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொன்ன உங்கள் மெக்கானிக்கிடம் அது இருக்கிறதா? இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் செலவையும் கணக்கில் சேருங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். மே மாதத்தில் விஜயவாடா ஓடியவருக்கு இதன் அருமை புரியும். டிரைவர் வைத்து ஓட்டுபவருக்கோ நல்ல டிரைவரைத் தக்கவைக்க இதுவும் ஒரு வழி.

6. நடுவழி ஒன்று

மூன்று, நான்கு வயதான பி.எஸ்.6 வண்டியைக் கைமாற்றில் எடுப்பதும் உண்டு. பழைய லாரிக்குக் கடன் கொடுப்பதையே பெருந்தொழிலாக வளர்த்தது 1979-இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். இன்று பலர் தருகிறார்கள். வட்டி புது வண்டியைவிடக் கூடுதலாக இருக்கும், கடன் தொகை குறைவு. வாங்குவதற்கு முன் வாகன் தளத்தில் வரி, பெர்மிட், எஃப்.சி., நிலுவை அபராதம், கடன் ரத்து எல்லாம் பாருங்கள். டி.இ.எஃப். அமைப்பை யாராவது கழற்றி ‘ஏமாற்று வேலை’ செய்திருக்கிறார்களா என்று ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.

முடிவாக

சேஸ் சுத்தம், பெர்மிட் நான்கு வருடமாவது மிச்சம், ஓட்டம் குறைவு என்றால் பழையதையே வேலை பாருங்கள். மாதம் 8,000 கிலோமீட்டரும் நிரந்தர லோடும் கையில் இருந்தால் புதிதுக்குப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் ஆறு மாத டீசல் பில், பட்டறை பில், வண்டி நின்ற நாட்கள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டறைச் செலவையும், நின்ற நாளில் போன வாடகையையும், புது வண்டி தரக்கூடிய டீசல் மிச்சத்தையும் கூட்டி மாதச் சராசரி எடுத்தால், அது புது டியூவில் முக்கால் பங்கைத் தாண்டுகிறதா என்று தெரிந்துவிடும். தாண்டினால் ஷோரூமுக்குப் போங்கள். தாண்டாவிட்டால் பட்டறைக்கே போங்கள், மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு.