ஆறு மணி நேரத்தில் நியூயார்க்கா?

ஜூலை மாதத்தில் ஒரு நாள். சாங்கி விமான நிலையத்திலிருந்து நள்ளிரவு 12.00 மணிக்கு ஒரு விமானம் நியூயார்க்குக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நாள் காலை 6.40 மணிக்கு அது அங்கே தரையிறங்குகிறது. அப்படியானால், பயண நேரம் 6 மணி 40 நிமிடம்தானா?

இல்லை. கோடைக்காலத்தில் நியூயார்க்கின் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதையும் கூட்டினால், 18 மணி 40 நிமிடம் என்ற உண்மையான பயண நேரம் கிடைக்கும்.

அவ்வளவு தூரமா? நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். உலக உருண்டையில் சிங்கப்பூரும் நியூயார்க்கும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் உள்ளன. தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால், அது பெருங்கடலைக் குறுக்கே கடக்கும். ஆனால், உருண்டையின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது வட துருவத்தை ஒட்டிச் செல்வதைக் காண்பீர்கள். அதுவே மிகக் குறுகிய வழி. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1 பாகையில் இருக்கிறது. எனவே, இங்கிருந்து துருவத்துக்கு 89 பாகை. நியூயார்க் 41 பாகையில் இருப்பதால், துருவத்திலிருந்து அங்கே இறங்க 49 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று கொண்டால், தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர்.

வியப்பு என்னவென்றால், விமானி பெரும்பாலும் இந்தக் குறுகிய வழியில் செல்வதில்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்று பலமாக வீசுகிறது. அது பின்னாலிருந்து தள்ளினால், சற்றுச் சுற்றிப் போனாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். ஆகவே, போகும்போது பசிபிக் பெருங்கடல் வழியாகவும், திரும்பும்போது அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகவும் பறப்பது வழக்கம். போவதும் கிழக்கு நோக்கி, வருவதும் கிழக்கு நோக்கி! ஒருவர் நியூயார்க் சென்று திரும்பினால், உலகையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்.

எரிபொருள்தான் இங்கே பெரிய சிக்கல். அதிக தூரம் பறக்க அதிக எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை அடுத்துள்ள நுவர்க்குக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. நான்கு இயந்திரங்கள் கொண்ட அந்த விமானம் எரிபொருளை மிகுதியாகக் குடித்தது. 2013இல் சேவை நின்றது. இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ350 விமானத்தின் சிறப்பு வகை வந்த பிறகு, 2018இல் அது மீண்டும் தொடங்கியது. எடையைக் குறைப்பதற்காக அதில் 161 இருக்கைகள் மட்டுமே உள்ளன. சாதாரண வகுப்பு இருக்கை ஒன்றுகூட இல்லை என்பது நம்மில் பலருக்கு வருத்தம்தான்.

இனி, திரும்பும் பயணத்தைக் கணக்கிடுங்கள். நியூயார்க்கில் திங்கட்கிழமை இரவு 10.30 மணிக்கு ஏறுகிறீர்கள். பயண நேரம் அதே 18 மணி 40 நிமிடம். சாங்கியில் இறங்கும்போது புதன்கிழமை விடியற்காலை 5.10 மணி. உங்கள் செவ்வாய்க்கிழமை எங்கே போனது?