மலைப்பாதையை வாட்டில் அளத்தல்

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்புவோர் முதலில் கேட்கும் கேள்வி, "இனி நான் எவ்வளவு வேலை செய்யலாம்?" என்பதே. சமவெளியில் வாழ்பவருக்கு "அரை மணி நேரம் நடங்கள்" என்னும் விடை ஓரளவு போதும். புதூர்நாட்டுக்குத் திரும்புபவருக்கு அது போதாது. ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு ஆகிய பகுதிகளில் வீட்டுக்கும் சாமை விளையும் நிலத்துக்கும் இடையே ஏற்றமில்லாத பாதை அரிது. அங்கே அரை மணி நேர நடை ஒரு பாதையில் உலாவாகவும் மறு பாதையில் கடும் உழைப்பாகவும் அமையும். அஞ்சித் திண்ணையிலேயே அமர்ந்துவிட்டால் தசைகள் நலியும், உடல் மேலும் தளரும். பழைய வேகத்திலேயே ஏறினால் இதயம் தாங்காது. இரண்டுக்கும் இடையே நிற்க ஓர் அளவுகோல் வேண்டும்.

இதய மறுவாழ்வுப் பயிற்சியில் நீங்கள் மிதிக்கும் நிலையான மிதிவண்டியின் திரையில் 25, 40, 50 என ஓர் எண் தோன்றுகிறதல்லவா? அதுவே அந்த அளவுகோல். அதன் பெயர் வாட். ஒரு நொடியில் எவ்வளவு வேலை நடைபெறுகிறது என்பதை அது காட்டுகிறது. ஒரு கிலோ எடையை ஒரு நொடியில் ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தினால் ஒரு வாட். கிணற்று மோட்டாருக்கு நாம் சொல்லும் ஒரு குதிரைத்திறன் 746 வாட்டுக்குச் சமம். ஆகவே 50 வாட்டில் மிதிப்பவர் அதில் பதினைந்தில் ஒரு பங்கை ஈட்டுகிறார். இதனை அற்பமென எண்ணவேண்டா. மிதியில் 50 வாட் வெளிப்பட, உடல் அதைப்போல் நான்கு மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. வியர்வை அதனால்தான்.

இந்த எண்ணைக் கொண்டு பயிற்சி செய்யும் முறையை வளர்த்தவர்கள் மிதிவண்டிப் பந்தய வீரர்கள். ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் 1986ஆம் ஆண்டில், ஓடும் மிதிவண்டியிலேயே வாட்டை அளக்கும் திறன்மானியை உருவாக்கினார். பெடலை அழுத்தும்போது உலோகத்தில் ஏற்படும் மிக நுண்ணிய வளைவை அது உணர்ந்து, அவ்விசையைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கிக் காட்டுகிறது. அதற்கு முன்பு வீரர்கள் வேகத்தையும் நாடித்துடிப்பையும் நம்பினர். வேகமோ காற்றாலும் சரிவாலும் மாறும். நாடித்துடிப்போ உழைப்பு தொடங்கிச் சற்று நேரம் கழித்தே உயரும். வாட் நாம் கொடுக்கும் வேலை. நாடி அவ்வேலைக்கு உடல் தரும் மறுமொழி. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதே அவர்கள் கற்ற பாடம்.

இதய நோயாளர்க்கு இப்பாடம் வீரர்களைவிட மிகுதியாகத் தேவை என்பேன். மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் நாடித்துடிப்பைத் தாழ்த்தி வைக்கின்றன. நாடி 90ஐத் தாண்டவில்லை, ஆகவே சிரமமில்லை என்று எண்ணி ஏறுவோர் உண்டு. துடிப்பு அடங்கியிருப்பது மருந்தின் செயல். வேலை குறைவு என்பதற்கு அது சான்றாகாது.

விலைமிகுந்த திறன்மானியை எவரும் வாங்கவேண்டியதில்லை. மலையேற்றத்திற்கு எடை, உயரம், நேரம் ஆகிய மூன்றும் போதும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு பெருக்கி, அதனை 9.8ஆல் பெருக்கி, நொடிகளால் வகுத்தால் வாட் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ளவர் 50 மீட்டர் உயரத்தைப் பத்து நிமிடத்தில் ஏறினால் 49 வாட். பதினைந்து நிமிடத்தில் ஏறினால் 33 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அவரே 20 கிலோ பலாப்பழங்களைச் சுமந்து பத்து நிமிடத்தில் ஏறினால் 65 வாட் ஆகிவிடும். இருபது நிமிடம் எடுத்துக்கொண்டாலோ, வெறுங்கையோடு பதினைந்து நிமிடத்தில் ஏறியதற்குச் சமமாகும். பாதையையும் சுமையையும் மாற்ற இயலாத இடத்தில் நேரத்தை மாற்றலாம். பாதையின் உயரத்தைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துச் சொல்வார்கள். கணக்கையும் அவர்களே போட்டுத் தரட்டும்.

இக்கணக்கு உயரத்துக்கான வேலையை மட்டுமே காட்டும். முன்னோக்கி நடக்கும் செலவு தனி. ஆகவே மிதிவண்டியில் உங்களுக்கு 50 வாட் அனுமதிக்கப்பட்டிருந்தால், மலையில் அதற்கு வெகுவாகக் குறைத்தே தொடங்கவேண்டும். மூச்சடக்கிச் சுமையைத் தூக்குவது இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். அதுவும் இவ்வெண்ணில் தெரியாது. முதல் வாரங்களில் சுமையே வேண்டா. உங்களுக்குரிய அளவை இதயத் துடிப்புப் பதிவுடன் கூடிய உழைப்புச் சோதனைக்குப் பின் மருத்துவரே குறிப்பார்.

பயிற்சிக்கு ஏற்றத்தில் தொடங்கும் பாதையையே தேர்ந்தெடுங்கள். ஓடைக்கு இறங்கிச் செல்வது எளிது. களைத்தபின் திரும்ப ஏறவேண்டியிருப்பதே இடர். உண்டவுடனும், மார்கழி விடியலின் கடுங்குளிரிலும் ஏறாதீர்கள். பேசிக்கொண்டே ஏற இயலாவிட்டால் வேகம் மிகுதி. மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே அமருங்கள். வாட் எண் என்ன சொன்னாலும் அதனைப் பொருட்படுத்தாதீர்கள். நாவடி மாத்திரை தரப்பட்டிருந்தால் அறிவுறுத்தியபடி வைத்துக்கொண்டு, உடன் வருபவரை 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். மலையில் கைப்பேசித் தொடர்பு எங்கெங்கே கிடைக்கிறது என்பதைக் குடும்பத்தார் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

ஒரு குறிப்பேட்டில் நாள், பாதை, நிமிடங்கள், வாட், ஏறி முடித்தவுடன் நாடித்துடிப்பு, மூச்சு எப்படியிருந்தது என்பவற்றை எழுதிவாருங்கள். மருந்து மாறாதிருக்க, சில வாரங்களில் அதே வாட்டுக்கு நாடியும் மூச்சிரைப்பும் குறைந்தால் உடல் தேறுகிறது. அதே வாட்டுக்கு அவை திடீரென உயர்ந்தால் காய்ச்சலோ, நீர்க்குறைவோ, உறக்கமின்மையோ காரணமாகலாம், அன்று ஓய்வெடுங்கள். ஓய்வுக்குப் பின்னும் நீடித்தால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் குறிப்பேட்டுடன் வந்துவிடுங்கள்.